எந்த வரிசையில் நிற்பது?

வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, நடுவே காயாரோகணர் கோயிலும் சௌந்தரராசப் பெருமாள் கோயிலும். மும்மதமும் முகஞ்சுளிக்காமல் வாழும் ஊர் நாகை என்று பெருமை பேசுவோர் உண்டு. பேசட்டும், பொய்யல்ல. முதலாம் இராசராசன் காலத்திலே, கடல் கடந்த சிறீவிசய நாட்டு வேந்தர்கள் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகத் தந்தான் சோழன். தஞ்சையிலே சிவனுக்கு விண்முட்டும் கோயில் எடுத்தவன், நாகையிலே புத்தனுக்கு நிலம் கொடுத்தான். ஆக, எல்லாக் கடவுளருக்கும் இடம் உண்டு நாகையில்.

எல்லா மனிதருக்கும் உண்டா? இதுதான் நம் கேள்வி.

சென்ற விழாக்காலத்திலே நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்வியை நம்முன் கொண்டுவந்து போட்டது. வழிபாட்டிடம் ஒன்று. எந்த மதத்தது என்பதைக் கூறப்போவதில்லை. ஒன்றைச் சுட்டினால் மற்ற இரண்டும் "நாங்கள் அப்படியல்ல" என்று மார்தட்டும். வாயிலிலே கயிறு கட்டி இரண்டு வரிசை. ஒன்று ஆடவர்க்கு, ஒன்று மகளிர்க்கு. மீன் கூடை சுமந்து பிழைக்கும் திருநங்கை ஒருவர், குளித்து, புதுச்சேலை உடுத்து, பூச்சூடி, மகளிர் வரிசையிலே வந்து நின்றார். தொண்டர் ஒருவர் வந்தார். "அந்தப் பக்கம் போ" என்றார். போனார். ஆடவர் வரிசையிலே சிரிப்பு, சீட்டி, தோளில் ஒரு கை. "இங்கே ஏன் வந்தாய்?" என்று அங்கேயும் ஒரு தொண்டர். இரண்டு வரிசைக்கும் நடுவே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு திரும்பி நடந்தார்.

மறுநாள் மாலை நம் படிப்பகத்துக்கு வந்தார். நாளேடு படிக்க அவ்வப்போது வருபவர்தாம். நடந்ததைச் சொன்னார். கேட்டிருந்த இளந்தோழர் ஒருவர் கொதித்தெழுந்தார். நல்லவர், படித்தவர், கடவுள் மறுப்பிலே கடுகளவும் தளராதவர். "அக்கா! அங்கே எதற்காகப் போனீர்கள்? உங்களை இழிவுபடுத்தும் இடத்தை உதறித் தள்ளுங்கள். எங்களைப்போல் வெளியே வந்துவிடுங்கள்!" என்றார்.

அவர் சினக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நீ வெளியே வந்தவன். நான் வெளியே தள்ளப்பட்டவள். இரண்டும் ஒன்றா?"

தோழர் வாயடைத்துப் போனார். உண்மையைச் சொன்னால், நாமும் வாயடைத்துத்தான் போனோம்.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் எண்ணிப் பார்த்தோம். எண்ணியதை இங்கே எழுதுகிறோம்.

மதத்தை விட்டு வெளியேறுவது ஒரு முடிவு. ஆராய்ந்து, தெளிந்து, தன் அறிவின் துணைகொண்டு ஒருவன் எடுக்கும் முடிவு. வெளியே தள்ளப்படுவதோ முடிவன்று, தண்டனை. முதலாமவன் கதவைத் தானே திறந்துகொண்டு வருகிறான். அவன் விரும்பினால் திரும்பிப் போகவும் கூடும். இரண்டாமவர் முகத்திலே கதவு அறையப்படுகிறது. தள்ளப்பட்டவரைப் பார்த்து, "வெளியே வந்ததற்குப் பாராட்டு" என்று நாம் கூறினால், அது ஆறுதலா? காயத்தின்மேல் தெளித்த உப்பு! உள்ளே இருக்கும் உரிமை யாருக்கு உண்டோ அவருக்கே வெளியேறும் உரிமையும் பொருளுடையதாகும்.

"நாம் நம்பாத கடவுளின் வாயிலிலே, நாம் ஏற்காத வழிபாட்டுக்காக, நாம் ஏன் வழக்காட வேண்டும்?" என்று சில தோழர் கேட்பர். புதிய கேள்வியன்று இது. 1924-ஆம் ஆண்டில் வைக்கத்திலே விடை கிடைத்துவிட்ட கேள்வி. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலே தீண்டப்படாதார் எனப்பட்டோர் நடக்கக் கூடாது என்றனர். அத்தெருவிலே நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இருமுறை சிறை சென்றார். கோயிலுக்குள்ளிருந்த சிலையிடம் வரம் கேட்கவா போனார்? மனிதன் கால் படக்கூடாத தெரு என ஒன்று இருத்தலாகாது என்பதற்காகப் போனார். பின்னர், அனைத்துச் சாதியினரும் அருச்சகராகலாம் என்று 1970-இல் சட்டம் செய்யப்பட்டதும், பயிற்சி பெற்ற பல சாதியினர் 2021-இல் அருச்சகராக அமர்த்தப்பட்டதும் அந்த வழியின் தொடர்ச்சிதானே! நம்பிக்கை வேறு, உரிமை வேறு என்பதை இந்த நாட்டுக்கு உணர்த்தியவர்கள் நம்பாதவர்களே. சாதிக்காக நாம் ஏற்றுக்கொண்ட அறத்தைப் பாலுக்காக ஏற்க மறுத்தால், நம் அறம் பாதி அறம்!

"இது இயற்கைக்கு முரண்" என்பார் அடுத்து வருவர். இயற்கையை அளந்து பார்த்தவர்களா அவர்கள்? பிறவியிலேயே ஆண், பெண் என்ற இரு பெட்டியிலும் அடங்காத உடலமைப்பு உடையோர் உண்டு என்பதை மருத்துவம் கூறுகிறது. உடல் ஒன்றைக் காட்ட, உள்ளம் மற்றொன்றை உறுதியாக உணரும் மனிதர் எக்காலத்திலும் எந்நாட்டிலும் இருந்திருக்கின்றனர் என்பதை வரலாறு கூறுகிறது. இருப்பதை இல்லை என்பது வைதிகர் வேலை. இருப்பதை இருப்பதாகக் காண்பது பகுத்தறிவாளர் கடமை.

தமிழன் இதைக் காணாதவனல்லன். தொல்காப்பியம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை எந்தத் திணையில் வைத்தது? உயர்திணையில்! அவர்க்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணையின் ஈறுகளையே பெறுவர் என்று விதித்தது. சிலப்பதிகாரத்திலே மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடும் ஒன்று. மணிமேகலையிலே, பேடிக்கோலங்கொண்டு ஆடுவோரைப் புகார் நகரத் தெருவிலே மக்கள் சூழ்ந்து நின்று பார்க்கும் காட்சி உண்டு. அந்தப் புகார் எங்கோ தொலைவில் இல்லை. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை, நம் நாகை மாவட்டத்துக் கடற்கரையிலேதான் இருந்தது.

இலக்கணம் உயர்திணை என்றது. தெருவோ "அது வருகிறது பார்" என்கிறது. ஆடும் அது, மாடும் அது, மனிதரும் அதுவா? இரண்டாயிரமாண்டு இலக்கணத்தைப் பெற்றவர் வாயிலே எப்படி வந்தது இந்த அஃறிணை?

ஆனாலும் ஒன்றை மறவாதிருப்போம். பழைய நூலிலே இருப்பதால் சரி என்று வாதாடுவது நம் வழியன்று. அதே பழைய நூல்களிலே அவர்களை இழித்துரைக்கும் இடங்களும் உண்டு. மேலும் ஒன்று, சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும். கோழையை ஏச வேண்டிய போதெல்லாம் "பேடி" என்று முழங்கிய மேடைகள் எத்தனை! முழங்கியவர் வைதிகர் மட்டுமா? பகுத்தறிவு பேசிய நாவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. கேட்டு நாமும் கைதட்டினோம். அந்தக் கைதட்டல், கூட்டத்தின் ஓரத்திலே நின்ற ஒரு திருநங்கையின் செவியில் எப்படி ஒலித்திருக்கும்? பிறரைத் திருத்தப் புறப்படுமுன் நம் நாவைத் திருத்திக்கொள்வோம்.

இனி மதங்களைப் பார்ப்போம். இங்கே வியப்பு ஒன்று காத்திருக்கிறது.

யூத மதம் மிகப் பழையது. கொச்சியிலே அவர்கள் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆண் உடையைப் பெண்ணும், பெண் உடையை ஆணும் அணியலாகாது என்று அவர்கள் மறைநூலில் உபாகமம் 22-ஆம் அதிகாரம் கூறுகிறது. பழைய முறையைப் பற்றி நிற்கும் யூதர் தொழுகைக்கூடத்தில் ஆடவரும் மகளிரும் தடுப்புக்கு இருபுறமும் தனித்தனியே அமர்வர். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆடவர் வேண்டும் என்று எண்ணுவர். அப்படியானால், பெண்ணாக வாழும் திருநங்கை எந்தப் பக்கம் அமர்வது? திருநம்பி, பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்படுவாரா? இறந்தபின் உடலைக் குளிப்பாட்டுவோர் ஆடவரா, மகளிரா? நாகையின் கயிற்று வரிசையில் எழுந்த அதே கேள்விதான்!

அதே யூதச் சட்டநூலாரோ, ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, இரு பாலுக்குரிய உறுப்பும் கொண்டவரை "ஆந்த்ரோகினோசு" என்றும், பால் வெளிப்படாதவரைத் "தும்தும்" என்றும் பெயரிட்டு, அவர்க்குரிய கடமைகளை ஆராய்ந்தனர். இசுலாமியச் சட்டநூலாரும் "குன்தா" எனப் பெயரிட்டு, தொழுகையிலே அவர் ஆடவர் வரிசைக்கும் மகளிர் வரிசைக்கும் இடையே நிற்பதைப் பற்றி எழுதினர். இவை உடற்கூற்றைப் பற்றிய ஆய்வுகள். உள்ளத்தால் தம்மைப் பெண்ணென உணர்வோரைப் பற்றியவையல்ல. ஆயினும், இரண்டே பெட்டிதான் உலகம் என்று அப்பழைய நூலார்கூடச் சாதிக்கவில்லை. இன்றைய வாயில்காப்போர் அவர்களைவிடக் குறுகி நிற்கின்றனர்!

யூதர்களிடையே மாற்றம் வந்தது எப்படி? தானாக வரவில்லை. அமெரிக்காவிலே, உள்ளே இருந்தவர் சிலர் எழுந்து நின்று கேட்டதால் வந்தது. 1996-இல் பாசுடன் நகரிலே "கெஷெத்" என்ற அமைப்பு தோன்றியது. எபிரேய மொழியிலே வானவில் என்று பொருள். 2006-இல் சீர்திருத்த யூதரின் குருமார் கல்லூரி, தாம் யாரென்பதை மறைக்காத பால்மாறிய ஒருவருக்குக் குருப்பட்டம் அளித்தது. 2015-இல் சீர்திருத்த யூதர் ஒன்றியம், அவர்களுக்கு முழு உரிமை என்று தீர்மானம் இயற்றியது. 2016-இல் நடுநிலை மரபினரான குருமார் மன்றமும் அவ்வாறே தீர்மானித்தது. பழமையாளர் பலர் இன்னும் மறுக்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபையோ, பால்மாறியவர்களும் திருமுழுக்குப் பெறலாம் என்று 2023-இல் கூறியது. உடலைப் பால்மாற்றுவதை 2024-இல் வெளியிட்ட மற்றோர் ஆவணத்தில் மறுத்தது. ஒரு கதவைத் திறந்து, மறு கதவைச் சாத்துகிறார்கள்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? மறைநூல் மாறாது என்று முழங்குவோரின் மதங்கள்கூட, மனிதர் உறுதியோடு நின்றால் அசைகின்றன. அசைக்கும் கை பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது: அதே தொழுகைக்கூடத்திலே அருகமர்ந்த அண்டை வீட்டார், உறவினர், உடன்பிறந்தோர். "இவர் இங்கே அமர்ந்தால் எனக்கு இழுக்கில்லை, இவரை எழுப்பினால் நானும் எழுந்து போவேன்" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரு சொல்லிலேதான் மாற்றம் தொடங்குகிறது.

"எங்கள் மதம் அவர்களுக்கு உயர்ந்த இடம் தந்திருக்கிறதே! கூவாகத்தைப் பார்!" என்று நம் ஊர்ப் பழமையாளர் இடைமறிப்பர். பார்த்தோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்திலே, சித்திரைத் திருவிழாவில், கூத்தாண்டவருக்கு மணமகளாகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலியறுத்து, வளையுடைத்து, வெள்ளையுடுத்து அழுகின்றனர். ஓரிரவு மணமகள், விடிந்தால் கைம்பெண். ஆண்டின் மற்ற நாளெல்லாம்? அந்த விழாவிலே அவர்கள் ஒருவரையொருவர் கண்டு ஆறுதல் பெறுவதை நாம் இகழவில்லை. கேட்பது இதுதான்: ஒரு நாள் தரும் இடத்தை மற்ற நாளில் பறிப்பது ஏன்?

கடைத்தெருவிலே பாருங்கள். காசு நீட்டுகிறான் கடைக்காரன். மதித்தா? இல்லை, "வாழ்த்தினால் பலிக்கும், சபித்தாலும் பலிக்கும்" என்ற அச்சத்தால். மணவீட்டிலே வாழ்த்த அழைப்பவன், வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்துகிறான். அவர்கள் வாழ்த்துக்கு மந்திர ஆற்றலும் இல்லை. சாபத்துக்கு நச்சுப்பல்லும் இல்லை. தெய்வமாக்குவதும் பேயாக்குவதும் ஒரே மூடத்தனத்தின் இரு கைகள். இரண்டும் சேர்ந்து பறிப்பது மனிதர் என்ற பெயரை.

"வழிபாட்டிட வரிசைதானே! அதற்கு இத்தனை பேச்சா?" என்று இன்னும் எண்ணுவோர் நாகையின் கடலைக் கேட்கட்டும்.

2004, திசம்பர் 26. ஆழிப்பேரலை வந்தது. தமிழகத்திலே வேறெந்த மாவட்டத்தையும்விட நம் மாவட்டத்தை மிகுதியாக அழித்தது; 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. அலை போனபின் வந்த மனிதர் கேட்டனர்! பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தை ஆராய்ந்தோர், 2008-இல் வெளிவந்த தம் ஆய்வுகளிலே இதைப் பதிவு செய்துள்ளனர். அன்று அரவாணிகள் எனப்பட்ட திருநங்கையர் குடும்ப அட்டை இன்மையாலும், ஆண் பெண் என்ற இரு கட்டத்திலும் அடங்காமையாலும் உதவிப் பட்டியலிலிருந்து விடுபட்டனர். அவர்களுடைய இழப்பு இழப்பாகவே எண்ணப்படவில்லை.

எண்ணிப் பாருங்கள். வழிபாட்டு வாயிலிலே கட்டிய இரட்டைக் கயிறு, அரிசி கொடுக்கும் இடத்திலும் கட்டப்பட்டது. பிணக்கணக்கு எழுதிய இடத்திலும் கட்டப்பட்டது. மதத்தின் வாயிலில் பழகிய கண், அரசின் வாயிலிலும் அதையே கண்டது. ஆகவேதான் "உனக்கு அந்தக் கோயில் எதற்கு?" என்று நாம் எளிதாகக் கேட்டுவிட முடியாது. வரிசை எங்கே தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியும். எங்கே முடியும் என்பது 2004-இல் தெரிந்துவிட்டது.

பின்னர் அரசு கண் திறந்தது. 2008, ஏப்ரல் 15-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. திருநங்கை என்ற நற்பெயர் நாட்டில் நிலைத்தது. 2014-இல் அதே ஏப்ரல் 15-ஆம் நாள், தம் பாலைத் தாமே கூறும் உரிமை அவர்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியிலே கோயிலில் மணந்த ஓர் ஆடவருக்கும் திருநங்கைக்கும் திருமணப் பதிவு மறுக்கப்பட்டபோது, மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. அந்த ஒரு சொல்லுக்குள் அவர்களுக்கும் இடம் உண்டு என்று சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது!

தீர்ப்பு அலுவலகக் கதவைத் திறக்கும். அடுக்களைக் கதவைத் திறக்குமா? பெற்ற தாய் "வெளியே போ" என்று சொல்லும் வீட்டுக்குள் எந்த நீதிபதி வருவார்? அங்கே வர வேண்டியது தோழமை.

தோழமை என்றால் என்ன? இரக்கமன்று. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். தோழமை நேரே பார்க்கும். அவர் தம் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லி அழைப்பது தோழமை. "அது" என்றவனை "அவர்" என்று அந்த இடத்திலேயே திருத்துவது தோழமை. நண்பன் உடலைப் பற்றி எதைக் கேட்கமாட்டோமோ, அதை அவரிடமும் கேளாதிருப்பது தோழமை. மேடையிலேற்றிக் காட்சிப்பொருளாக்கிவிட்டுக் கூட்டம் கலைந்ததும் மறப்பது தோழமையன்று. கடையிலே வேலையும், தெருவிலே வாடகை வீடும் பெறத் துணை நிற்பது தோழமை. அவருக்காகப் பேசுவதற்கு முன், அவர் பேசுவதைக் கேட்பது தோழமை. அவர் வழிபட விரும்பினால், நம் நாத்திகத்துக்கு அவரைச் சான்றாக்கி இழுக்காமல், அவர் விருப்பத்தை அவருக்கே விடுவதும் தோழமை.

"இவ்வாறு உதவினால் மதம் வலுப்பெறாதா?" என்று ஐயுறுவோர்க்கு நேர்மையாகவே விடை கூறுவோம். பெறலாம். ஒரு கயிறு அவிழ்ந்தால் அந்த வழிபாட்டிடத்தின் பெயர் உயரலாம். உயரட்டும்! மனிதர் இழிவுபட்டால்தான் நம் கொள்கை வளரும் என்றால், அப்படி வளரும் கொள்கை நமக்கு வேண்டாம். மதத்தின் கொடுமையை எடுத்துக்காட்ட ஒரு திருநங்கையின் கண்ணீர் நமக்குத் தேவைப்படக் கூடாது.

தொடங்கிய கதையை முடித்துவிடுகிறோம். அந்த இளந்தோழர் அன்றிரவு வீட்டுக்குப் போனார். அவருடைய தாய், நாள் தவறாமல் வழிபடுபவர். மதத்தைப் பற்றி மகனுக்கும் தாய்க்கும் நடக்காத சண்டையில்லை. அன்று மகன் சண்டையிடவில்லை. நடந்ததைச் சொல்லி, "அம்மா, அங்கே நான் போய்ப் பேசினால் நாத்திகன் கலகம் செய்கிறான் என்பார்கள். நீங்கள் பேசினால் மறுக்க முடியாது" என்றார். தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டார்.

விழாவின் இறுதி நாளன்று மகளிர் வரிசையிலே அத்தாய் நின்றார். அருகிலே, கையைப் பிடித்தபடி, அந்தத் திருநங்கை. தொண்டர் வந்தார். "இவள் என்னோடு வந்தவள். இவளை அனுப்பினால் நானும் போகிறேன்" என்றார் தாய். பின்னால் நின்ற இரண்டு மூதாட்டியரும், "நிற்கட்டுமே, உனக்கென்ன?" என்றனர். தொண்டர் சற்றே நின்றார். பின்னர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்தார். வரிசை முன்னே சென்றது.

மகன் வாயிலுக்கு வெளியே, இருவரின் செருப்பையும் காத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே அவர் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. அவர் கொள்கையும் குறையவில்லை; தாயின் நம்பிக்கையும் குறையவில்லை. குறைந்தது ஒரு கொடுமை மட்டும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு வாயில் இருக்கிறது. அங்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் வழிபடும் தாய் ஒருவர் இருக்கிறார். இன்று இரவு அவரோடு பேசுங்கள்.